அந்த இடத்தில் கம்பி இல்லை

சிவா,

கல்யாணத்தன்று உன்னையும் கௌசல்யாவையும் ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏற்றிவரும் ஜீப்பை நான் ஓட்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "வேற யாரு ஓட்னாலும் நான் ஏற மாட்டேன்பா, நீதான் ஓட்டணும்" என்றபோது, "பாக்கலாம்டா, பாக்கலாம்" என்று மழுப்பிவிட்டு, சிக்னல் போய்விட்டது போல் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக ஜீப் ஷெட்டில் கிடக்கிறது என்று நான் சொல்லிவந்ததும் பொய். ஜீப் தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, உன் மாமா ஓட்டுகிறான். என் பார்வை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே அழிந்துகொண்டு வருகிறது. அதைக்கூட ஒரு மாதிரி தாங்கப் பழகிக்கொண்டேன். என்னைச் சோறு தின்னவிடாமல் செய்கிற பயம் வேறு. அது உன் கண்ணைப் பற்றியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சரிப்பா, கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்பாய். நீ என் பிள்ளை, வேறு எப்படிப் பேசுவாய்? காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து பேச முடியாது. வரி கோணலாகப் போயிருந்தால் கண்டுகொள்ளாதே. இடது ஓரத்தில் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துத் தேடித்தான் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்த என் கையெழுத்து முன்பு இதைவிட நன்றாக இருந்தது என்று உனக்குத் தெரியும்.

முதலில் முன் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் நம் ஜீப்பில் ஏறும்போது முன் சீட்டுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், அது ஏதோ மரியாதைக்கான சீட் என்று நினைப்பு. மலை டிரைவர்களுக்கு அது வேலைக்கான சீட். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு ஊசி வளைவில் இடப்பக்கம் தெரியாது. கண்ணாடியைத் தாங்குகிற கம்பி பாதியை மறைக்கும், ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிற பானெட் மீதியை மறைக்கும். அதனால் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். பாதை சும்மா இருந்தால் "காலி", யாராவது இருந்தால் "ஆளு". நான் முப்பது வருஷம் அந்தச் சொல்லை நம்பித்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். நீ ஏழு வயதிலிருந்தே அந்த சீட்டுக்கு அடம்பிடிப்பாய். உன் குரல் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கும் கேட்கும்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் நடந்தது உனக்கும் மறந்திருக்காது. சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். நீ எட்டிப் பார்த்து "காலி" என்றாய். நான் திருப்பினேன். இடப்பக்கம் ஒரு சைக்கிள்காரர் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார். ஜீப் அவருடைய ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு நின்றது, அவர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து புதரைப் பிடித்துத் தொங்கினார். நான் இறங்கி அவரைத் தூக்கிவிட்டு, ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் முன்னால் உன்னை அறைந்தேன். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பாத்தேன்பா. அங்க யாரும் இல்ல" என்றாய். "பொய் வேற பேசறியா" என்று இன்னொன்று வைத்தேன். அதற்குப் பிறகு நீ முன் சீட்டில் உட்காரவே இல்லை. பையனுக்கு ரோஷம் என்று நானும் விட்டுவிட்டேன். இதை இங்கேயே வைத்துக்கொள், மறுபடியும் இதற்கு வருவேன்.

போன ஐப்பசியில் நீ ஓசூரிலிருந்து லீவில் வந்தாய். வந்த அன்றே மழை பிடித்துக்கொண்டு, மண் சரிந்து, நாலு நாள் ரோடு அடைபட்டுப்போனது. ஜீப்பும் நானும் வேலையில்லாமல் நின்றோம். நீ கம்ப்யூட்டரைத் திறந்து, ஜாய்ஸ்டிக் என்கிற அந்தக் குச்சியை மேஜையில் மாட்டி, பழைய காலத்துப் போர் விமானம் ஓட்டுகிற விளையாட்டை ஆரம்பித்தாய். பொண்ணு பார்த்து நிச்சயம் பண்ணுகிற வயதில் இது என்ன விளையாட்டு என்று நான் கிண்டல் பண்ணினேன். "ஒக்காந்து பாருப்பா, நீ நெனைக்கற மாதிரி சுலபமில்ல" என்று நாற்காலியை நகர்த்தினாய்.

சுலபமில்லைதான். எதிரி நமக்குக் குறுக்கே பறக்கிறான். அவன்மேலேயே குறி வைத்துச் சுட்டால், குண்டு போய்ச் சேர்வதற்குள் அவன் அங்கே இருக்க மாட்டான். அவன் போகப்போகிற வெறும் வானத்தைச் சுட வேண்டும். அந்த வெறும் வானத்துக்கு நேராக நம் விமானத்தைத் திருப்பினால், இவ்வளவு நீளத்துக்கு எஞ்சின் வைத்த அந்த மூக்கே அவனை மறைத்துவிடுகிறது. மூக்குக்குத் தப்பினால் காக்பிட் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற கம்பிகள் மறைக்கின்றன. ஆக, சுட வேண்டிய நேரத்தில் சுட வேண்டியவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். நீ சொன்னாய்: "மறையறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் போறான், இன்னா வேகம்னு மனசுல வாங்கிக்கோ. மறைஞ்சதும் எண்ணு. ஒன்னு, ரெண்டு, மூணு. அப்ப அழுத்து. அவனே வந்து வாங்கிக்குவான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், இதத்தான்டா நான் முப்பது வருஷமா ஊசி வளைவுல பண்ணிக்கினு இருக்கேன்" என்றேன். முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஒருத்தனை வீழ்த்தியும் விட்டேன். நீ உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவள் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் செத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்திலிருந்து எவனோ வந்து சுட்டுவிட்டுப் போனான். "இந்த எழவெடுத்த கம்பிய எவன்டா இங்க வெச்சான்" என்று திட்டினேன். மூன்றாம் நாள் நீ என்மேல் இரக்கப்பட்டு எதையோ அழுத்தினாய். காக்பிட் மொத்தமும் மறைந்து, குறி வட்டம் மட்டும் வானத்தில் மிதந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டேன்பா. இப்ப ஓட்டு" என்றாய். ஓட்டினேன். மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து சுட்டான். "கம்பி மறைச்சிடுச்சுடா" என்றேன், பழக்க தோஷத்தில். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அங்க கம்பியே இல்லப்பா."

நானும் சிரித்தேன். வயசாகிவிட்டது என்றேன். நீ டீ வாங்கிவர உள்ளே போனாய். அந்த நேரத்தில் இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி, விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். விரல் தெரியவில்லை. இன்னும் முன்னால் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்தபிறகுதான் விரல் முளைத்தது. கறுப்பாக எதுவும் மறைக்கவில்லை, சிவா. அப்படி மறைத்திருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, இல்லாத இடம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. நீ டீயோடு வந்து, "இன்னாப்பா கையத் தூக்கினு" என்றாய். கை மரத்துவிட்டது என்று சொன்னேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரோடு திறந்ததும் நீ ஓசூருக்குப் போனாய், நான் ஜீப்பை எடுத்தேன். எத்தனை வருஷமாக அந்தப் பக்கம் தெரியாமல் ஓட்டியிருக்கிறேனோ, எனக்கே தெரியாது. இடப்பக்கத்தைப் பார்க்கும் வேலையை முன் சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டவனுக்கு இடப்பக்கம் போனது எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் மூன்று மாதம் ஓட்டினேன். இதுதான் நான் செய்த பாவம். எப்படி ஓட்டினேன் தெரியுமா? நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான். தூரத்தில் நேராக ஒரு ஆள் தெரிந்தால், அவர் எந்தப் பக்கம் போகிறார், என்ன வேகம் என்று மனதில் வாங்கிக்கொள்வேன். ஜீப் திரும்பும்போது அவர் என் பார்வையிலிருந்து காணாமல் போவார். ஒன்று, ரெண்டு, மூணு. இந்நேரம் ஒதுங்கியிருப்பார் என்று அழுத்துவேன். ஒவ்வொரு நாளும் சரியாகவே வந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் என்னை அண்ணன், மாமா என்றுதான் பழக்கம். ஒருத்தரும் பயந்து உட்கார்ந்ததில்லை.

மாசி மாதம், புளி சீசன். ஆலங்காயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், நல்ல வெயில், உன் அம்மா முன் சீட்டில். வளைவுக்கு முன்னால் ஒரு பொம்பளை தலையில் புளி மூட்டையோடு ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கப் போனதைப் பார்த்தேன். அம்மாவும் அவளைப் பார்த்துவிட்டு, நான் பார்த்ததையும் பார்த்துவிட்டதால் "ஆளு" சொல்லவில்லை. நான் திரும்பினேன். அவள் மறைந்தாள். ஒன்று. ரெண்டு. மூணு. இறங்கியிருப்பாள் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினேன். அவள் இறங்கவில்லை. மூட்டை சரிந்திருக்கிறது, தடுக்கப் போய் ரோட்டுக்கே திரும்பியிருக்கிறாள். உன் அம்மா என் தொடையில் ஓங்கி அடித்து, "நிறுத்துடா" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஜீப் நின்றபோது பானெட்டுக்கும் அந்தப் பொம்பளைக்கும் நடுவில் சரிந்த புளி மூட்டை மட்டும் இருந்தது. அவள் கத்தவில்லை, திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னாண்ணா, என்னப் பாத்துக்கினேதான வந்த?"

விளையாட்டில் எதிரி போன வழியே போய்க்கொண்டிருப்பான். விமானம் வானத்தில் நிற்காது, மூட்டையைப் பொறுக்கத் திரும்பாது. மனுஷர்கள் நிற்பார்கள், திரும்புவார்கள், செருப்பு அறுந்தால் குனிவார்கள். இது முப்பது வருஷம் ஓட்டிய எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மீதி வழி ஜீப்பை நான் எப்படிக் கொண்டுவந்து சேர்த்தேன் என்று ஞாபகமில்லை. வீட்டு வாசலில் அம்மா சாவியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எத்தினி நாளா?" என்றாள். சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் என்னை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எங்கே வெளிச்சம் மின்னினாலும் அழுத்த வேண்டும், கண்ணைத் திருப்பக்கூடாது. உன் விளையாட்டு மாதிரிதான். ரொம்ப நேரம் ஒன்றுமே மின்னவில்லை, மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஷின் மின்னிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

கண்ணுக்குள்ளே அழுத்தமாம். போனது போனதுதான், திரும்பி வராது. மீதியைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து. டாக்டரம்மா சின்ன வயது, பொறுமையாகச் சொன்னார். "வலிக்காது, சிவக்காது. நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லாவே தெரியும். அதனாலதான் யாருமே சீக்கிரம் வர்றதில்லைங்க." பிறகு காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டார், "பசங்க இருக்காங்களா? அவங்களயும் கூட்டினு வாங்க. இது குடும்பத்துல வரும். உங்க அப்பாவுக்கு எப்படி இருந்துச்சு?"

என் அப்பாவுக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் வைத்த சொம்பைக் காலால் தட்டிவிடுவார். பகலிலேயே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து நிற்கிறார் என்று நான் எரிந்து விழுவேன். "நான் குடிக்கலடா" என்பார். ஊரில் நாலு பேர் குடிப்பார்கள், இவர் மட்டும் யோக்கியமா என்று கேட்டிருக்கிறேன். மத்தியான வெயிலில் கல் கட்டாத கிணற்றில் விழுந்து இறந்தபோதும் போதையில் விழுந்தார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் வாயில் ஒருநாளும் வாடை அடித்ததில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். மழை விட்டதிலிருந்து நீ எனக்கு உன் விளையாட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாய். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அனுப்புகிறாய், பிடிக்கும்தான். போன் சின்னது, என் மிச்சப் பார்வைக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. வேலையில்லாதவன், ஒன்றையே இருபது தடவை பார்க்கிறேன். நீ நன்றாகச் சுடுகிறாய். தோற்றால் மட்டும் ஒரே மாதிரி தோற்கிறாய். வலப்பக்கம் மேலேயிருந்து ஒருத்தன் வருவான், நீ திரும்ப மாட்டாய், அவன் சுடுவான், உன் குரல் கேட்கும்: "சே, கம்பி மறைச்சிடுச்சு."

என் கண்ணை நான் நம்பவில்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு விளையாட்டும் தெரியாது, நான் எதற்குக் கேட்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஏதாவது வந்தால் முன் சீட்டில் சொல்கிற மாதிரி சொல்லு என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஆளு" என்றாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரைக்கும் எண்ணியபிறகுதான் நீ செத்தாய். இன்னொன்றைப் போட்டேன், அதிலும் அப்படித்தான். நாலாவதில் அவள் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இவன் திரும்பவே மாட்டேங்கறான்? வெட்டவெளியில வருதே." அவளுக்கே புரிந்துவிட்டது. அந்த இடத்தில் கம்பி இல்லை, சிவா. நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். கம்பி ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கிறது.

நான் தப்பாக இருக்கலாம். பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். ஆட்டத்தின் மும்முரத்தில் நீ கவனிக்காமல் விட்டிருக்கலாம், உன் வயதில் இதெல்லாம் வராமலும் இருக்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாத்தேன்பா, அங்க யாரும் இல்ல. அன்றைக்கே இது இருந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. என் அப்பாவை நம்பவில்லை, உன்னையும் நம்பவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றால் நான் என்ன செய்வது?

கல்யாணம் முடியட்டும், பெண் வீட்டாருக்கு இப்போது தெரிய வேண்டாம், வைகாசி கழிந்து மெதுவாகச் சொல்லலாம் என்று நானும் உன் அம்மாவும் பத்து நாள் பேசிப் பார்த்தோம். பேசும்போதே புரிந்தது, மறுபடியும் ஒன்று ரெண்டு மூணு எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று. நீ தினமும் அந்த பைபாஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறாய். நாளைக்குப் பின்னால் கௌசல்யாவும் உட்காருவாள். அவளிடம் நீயே சொல்லிவிடு. அதற்காக நிற்கிற கல்யாணம் என்றால் நிற்கட்டும். பரிசோதனை முடிகிறவரை பைக்கைத் தொடாதே, பஸ்ஸில் போ. அப்பனாக நான் உனக்குப் போடுகிற கடைசிக் கட்டளை என்று வைத்துக்கொள், அதற்கப்புறம் நீ சொல்கிறபடி நான் கேட்கிறேன். கல்யாண ஜீப்பை மாமா ஓட்டுவான், அம்மா முன் சீட்டில் உட்காருவாள். நான் உங்களோடு பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் உன் பேருக்குச் சீட்டு போட்டிருக்கிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்து, நீ வருவதற்கு முன்பே வந்து கேட் பக்கத்தில் நிற்பேன். தூரத்திலிருந்து கையை ஆட்டாதே, பக்கவாட்டில் வந்து தோளைத் தொடாதே. நேராக என் முகத்துக்கு முன்னால் வந்து நில். நீ வந்துவிட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா